ரெனெட்டா கெய்ன்ஸ் இரண்டு முறை குணமான கதை

ரெனெட்டா கெய்ன்ஸ் பதினேழு வருடங்களாகக் கிளீவ்லாந்து நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் பேருந்து ஓட்டுகிறாள். இத்தனை வருடங்களில் ஒரு தடவைகூட அவள் வண்டி பனியில் சறுக்கியதில்லை. சிவப்பு விளக்கைத் தாண்டியதில்லை. சில்லறை இல்லாதவனை நடுவழியில் இறக்கிவிட்டதும் இல்லை. அப்படிப்பட்டவள் பிப்ரவரி மாதம் ஒரே வாரத்தில் மூன்று முறை பெரிய மருத்துவமனை நிறுத்தத்தில் நிற்காமல் போய்விட்டாள். மணிக்கயிற்றை இழுத்தவர்கள் இழுத்தபடியே நின்றார்கள். மூன்றாவது முறை, முழங்காலில் கட்டுப் போட்டிருந்த பெரியவர் ஒருவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, நொண்டி நொண்டித் திரும்பி நடந்து, வைத்தியரிடம் காலைக் காட்டுவதற்கு முன்பாகவே போனில் புகார் கொடுத்துவிட்டார்.

பணிமனை மேற்பார்வையாளர் லெமுவல் டூக்ஸ் அவளைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார்.

"ஏன் ரெனெட்டா, அந்த ஸ்டாப் உன் கண்ணுக்குத் தெரியலையா?"

"கண்ணுக்குத் தெரியுது சார். கால்தான் பிரேக்குக்குப் போக மாட்டேங்குது."

டூக்ஸ் தலையைத் தடவிக்கொண்டார். ரெனெட்டாவின் தங்கை லிவோன்யாவின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் அதே மருத்துவமனையில் அவள் இறந்துபோனாள். முப்பத்து நான்கு வயது.

"வோனி விஷயம் எனக்குத் தெரியும்மா. மேல இருக்கறவனுக்கு பிரேக் விஷயம் மட்டும்தான் தெரியும். அறுபது நாள் டைம் குடுத்திருக்கான். மனநல ஆளுங்ககிட்ட போய், 'இவ ஓட்டலாம்'னு ஒரு லெட்டர் வாங்கிட்டு வா. அதுவரைக்கும் வேற ரூட்டு. லெட்டர் வரலன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

கூடவே வழவழப்பான ஒரு துண்டறிக்கையையும் கொடுத்தார். 'ஆழ்வேர் பண்பாட்டு மனநல மையம். உங்களை உங்களாகவே கேட்கிறோம்.' கீழே டாக்டர் இமோஜின் டாலிவரின் படம். கறுப்பினப் பெண், நரைத்த சுருள்முடி, ஆள் அசந்தால் மடியில் சாய்த்துக்கொள்வாள் போன்ற கண்கள்.

"நம்ம பொம்பளைங்களுக்குன்னே நடத்தறாங்களாம். இன்சூரன்ஸ்காரன் ஒத்துக்கறது இந்த ஒரு இடத்தைத்தான்" என்றார் டூக்ஸ்.

ரெனெட்டா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒரு விஷயம் இருந்தது. கணவனை விட்டுப் பிரிந்தபோது துணை நின்ற தோழிகளிடமோ, தேவாலயத்துப் போதகரிடமோ, பெற்ற தாயிடமோ சொல்லாத விஷயம். தாயிடம் சொல்லவே கூடாத விஷயம். அவளுடைய அம்மா எர்லீன் அடக்கம் முடிந்த நாளிலிருந்து ஒரே வாக்கியத்தைச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள்: "என் புள்ள யாரையும் கூப்பிடாமயே போயிட்டாளே. ஒரு போன் பண்ணியிருந்தா நடந்தே போயிருப்பேனே." அப்போதெல்லாம் ரெனெட்டா அம்மாவின் முதுகைத் தடவுவாள்.

இந்த டாக்டரிடம் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. சொல்லிவிட்டால் கால் பிரேக்குக்குப் போகும் என்றும் தோன்றியது.

ஆழ்வேர் மையத்துக்குள் நுழைந்ததும் எங்கிருந்தோ முரசு ஒலித்தது. கதவைத் திறந்தால் தானாக ஒலிக்கும்படி செய்திருந்தார்கள். மூடினால் நின்றுவிடும். சுவரில் ஒன்பது நாட்டு முகமூடிகள் மாட்டியிருந்தன. மேசைக்குப் பின்னாலிருந்த வெள்ளைக்கார வரவேற்பாளர் இரண்டு கைகளையும் நெஞ்சில் வைத்து வணங்கினார். எந்த ஊர் வணக்கம் என்று ரெனெட்டாவுக்கு விளங்கவில்லை. அவளும் பதிலுக்கு நெஞ்சில் கைவைத்தாள்.

"உங்க முன்னோர்கள் எந்த நாடு?" கணினியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மிசிசிப்பி."

"அது மாநிலங்க. இதுல நாடு கேக்குது."

"எங்க அம்மாவைப் பெத்தவங்க மிசிசிப்பி. அவங்களைப் பெத்தவங்களும் மிசிசிப்பிதான்."

"அதுக்கும் முந்தி?"

"அதுக்கும் முந்தி எங்களைக் கேட்டு யாரும் எழுதி வைக்கலைங்க. எங்களைத்தான் எழுதி வச்சாங்க, மாடு கன்னோட சேத்து."

வரவேற்பாளர் மரியாதையாகச் சிறிது நேரம் தலைகுனிந்து இருந்தார். பிறகு, "நாடு போடாம மெஷின் அடுத்த பக்கம் போகாது. கானான்னு போட்டுக்கட்டுமா? நிறைய பேருக்கு அதைத்தான் போடறோம். இதுவரைக்கும் யாரும் தப்புன்னு திரும்பி வந்ததில்ல" என்றார்.

இப்படியாக நாற்பத்தாறாவது வயதில் ரெனெட்டா கானா நாட்டுக்காரி ஆனாள். கானாக்காரர்களுக்கு என்று செதுக்கு வேலை செய்த ஒரு குட்டை முக்காலி இருந்தது. அதில் உட்கார வைத்தார்கள். பதினேழு வருடம் ஓட்டுநர் இருக்கையில் தேய்ந்த இடுப்பு கெஞ்சியது. எதிரே சாய்வு வைத்த நல்ல நாற்காலி ஒன்று காலியாக இருந்தது. கேட்டதற்கு, அது ஜமைக்காவினருக்கு உரியது, மாற்றிக் கொடுத்தால் அவமரியாதையாகிவிடும் என்றார்கள்.

பதினோரு காகிதங்களில் கையெழுத்துக் கேட்டார்கள். ஒன்பதாவது காகிதத்தின் தலைப்பு, 'என் குரல் என் சமூகத்துக்கு உதவட்டும்.' உதவ வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? போட்டாள்.

அடுத்த வாரம் மையத்தின் இயக்குநர் டாக்டர் மெரிடித் லின்க்விஸ்ட் அவளைத் தன் அறைக்கு அழைத்தார். பொன்னிற முடி, தோளில் ஆப்பிரிக்க நெசவுத் துண்டு. ஆழ்வேரில் சிகிச்சைக்கு முன் மன்னிப்பு என்பது விதி. புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் இயக்குநரே நேரில் மன்னிப்புக் கேட்டாக வேண்டும். அதற்கு ஐம்பது நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள்.

"ரெனெட்டா, ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. உங்க பெண்கள் 'நான் நல்லா இருக்கேன், நான் நல்லா இருக்கேன்'னு சொல்லிச் சொல்லியே செத்துப்போறாங்க. அந்த ஒரு வாக்கியத்தை இந்த ஊரைவிட்டே ஒழிக்கறதுதான் என் வாழ்க்கை லட்சியம். ஆனா அதுக்கு முன்னாடி, என் இனத்தார் செஞ்ச எல்லாத்துக்கும் நான் மன்னிப்புக் கேக்கணும். அடிமைக் கப்பல்லருந்து ஆரம்பிச்சு வரிசையா கேக்கறேன். அவசரப்படுத்தாதீங்க."

ரெனெட்டா அவசரப்படுத்தவில்லை. கப்பல் ஏழு நிமிடம் எடுத்தது. பருத்திக் காடு வந்ததும் இயக்குநரின் குரல் உடைந்தது. சாட்டையைப் பற்றிச் சொல்லும்போது மேசைமேல் கவிழ்ந்து விம்மத் தொடங்கிவிட்டார். கண்ணீர் துடைக்கும் மெல்லிழைத்தாள் பெட்டி ரெனெட்டாவின் பக்கம் இருந்தது. அவள் அதை அந்தப் பக்கம் தள்ளினாள். போதவில்லை என்று பட்டது. எழுந்து போய் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அழுகிறவர் முதுகைத் தடவுவது அவளுக்குப் பழகிய வேலை.

"பரவாயில்லைங்க. அழாதீங்க. நீங்க தனியா என்ன பண்ணியிருக்க முடியும்?"

"உங்க வாயால இதைக் கேக்கறது எனக்கு எவ்வளவு ஆறுதலா இருக்கு தெரியுமா? போன வாரம் வந்த பெண்மணி இப்படித் தடவிக்கூட விடல."

தேறி, மூக்கைச் சிந்தி, பள்ளிக்கூடங்கள் வரைக்கும் வந்து சேர்ந்தபோது மணி அடித்துவிட்டது.

"மருத்துவமனைங்க பாக்கி இருக்கு. அதுக்குத் தனியா ஒரு நாள் ஒதுக்கணும், அவ்வளவு இருக்கு" என்றார் இயக்குநர். அந்த நாள் வரவேயில்லை. வெளியே போகும்போது, 'மன்னிப்பைப் பெற்றுக்கொண்டேன்' என்ற சீட்டில் கையெழுத்து வாங்கினார்கள்.

மூன்றாவது வாரம் ரெனெட்டா நேராகவே கேட்டாள். "டாக்டர் டாலிவரை எப்பப் பாக்கலாம்?"

வரவேற்பாளர் பெருமையோடு கணினியைத் திருப்பிக் காட்டினார். அவளுக்கு முன்னால் நானூற்றுப் பதினோரு பேர். டாக்டர் டாலிவர்தான் அந்த மையத்தில் இருந்த ஒரே கறுப்பின வைத்தியர். திங்கட்கிழமை அவர் மற்ற வைத்தியர்களுக்குக் கறுப்பினப் பெண்களின் தலைமுடியைத் தொடக்கூடாது என்று பாடம் எடுக்கிறார். செவ்வாய்க்கிழமை பன்மைத்துவக் குழுவில் உட்காருகிறார். அந்தக் குழுவில் ஏன் அவரைத் தவிர வேறு கறுப்பினத்தவர் இல்லை என்று ஆராயும் குழு புதன்கிழமை கூடுகிறது, அதற்குத் தலைவரும் அவரே. வியாழன் புகைப்படம். வெள்ளி வெளியூர் உரை.

"அப்ப நோயாளிங்களைப் பாக்கறது?"

"அதுக்குத்தாங்க காத்திருப்போர் பட்டியல்."

நான்காவது வாரம் அவரை ரெனெட்டா பார்த்தேவிட்டாள், பெண்கள் கழிப்பறையில். கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபடி டாக்டர் டாலிவர் ரொட்டிக்குள் வைத்த வான்கோழித் துண்டை அவசரமாக விழுங்கிக்கொண்டிருந்தார். துண்டறிக்கையில் இருந்ததைவிடப் பத்து வயது கூடுதலாகத் தெரிந்தார்.

"மன்னிச்சுக்கோம்மா, உக்காந்து சாப்பிட நேரமில்ல."

"உங்களைப் பாக்கத்தான் டாக்டர் வந்துக்கிட்டிருக்கேன். நாலு வாரமா."

டாலிவர் மெல்லுவதை நிறுத்தினார். அந்தக் கண்கள் மட்டும் படத்தில் இருந்த மாதிரியே இருந்தன. ரொட்டியைத் தொட்டியின் ஓரத்தில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"என்னம்மா ஆச்சு? சொல்லு."

ரெனெட்டா வாயைத் திறந்தாள். யாரோ கதவைத் தட்டினார்கள்.

"டாக்டர், மேடை தயார். எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க."

"போயிடாதே. எப்படியாவது உன்னைப் பாக்கறேன்" என்று அவள் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு டாலிவர் போனார். பாதி ரொட்டி அங்கேயே கிடந்தது. வெளியே வந்தபோது கூடத்து வாசலில் அன்றைய உரையின் தலைப்பு மாட்டியிருந்தது: 'கறுப்பினப் பெண்கள் ஏன் ஆலோசகர்களைத் தேடி வருவதில்லை?'

ஆறாவது வாரம், இனிமேல் வருவதில்லை என்று முடிவு செய்து மேலங்கியை மாட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஜோசெல் பாட்டிஸ்ட் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். சடைச்சடையாகத் திரித்த முடி, ரெனெட்டாவின் தெருப் பெண்களுடைய பேச்சு.

"மிஸ் ரெனெட்டா, உங்க முகமே சரியில்லையே. வாங்கக்கா, என்கூடக் கொஞ்ச நேரம் உக்காருங்க. யாரும் வர மாட்டாங்க."

அந்த அறையில் முரசு இல்லை, முகமூடி இல்லை. நல்ல சாய்வு நாற்காலி இருந்தது. ஜோசெல் நாடு எது என்று கேட்கவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை. "இறந்தது தங்கச்சிங்களா அக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒரே தங்கச்சி. வோனி."

"ம்ம்ம்" என்றாள் ஜோசெல்.

அந்த ம்ம்ம்தான் ரெனெட்டாவைக் கவிழ்த்தது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் யாராவது எழுந்து நின்று தன் கஷ்டத்தைச் சொல்லத் தொடங்கினால், முன்வரிசைத் தொப்பிக்காரப் பெண்களின் அடிவயிற்றிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும். நீ சொல்லு, நாங்க இருக்கோம், பாதியில விட்டுடாதே என்று அதற்கு அர்த்தம். அது வந்துவிட்டால் சொல்கிறவளால் நிறுத்த முடியாது. ரெனெட்டா பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம் அது. காசு கொடுத்து வாங்க முடியாத சத்தம் என்று நினைத்திருந்தாள்.

"காலைல பத்து மணிக்கு எனக்கு போன் பண்ணினா. நான் கடைசி ஸ்டாப்ல வண்டியை நிறுத்தியிருந்தேன். 'அக்கா, தலை வெடிக்குது, மூச்சு முட்டுது, நர்ஸுங்க ஒண்ணுமில்லங்கறாங்க. யாரும் நான் சொல்றதைக் கேக்க மாட்டேங்கறாங்க. நீ வந்து சொல்லு'ன்னா."

"ம்ம்ம்."

"'வரும்போது அம்மா தச்ச மஞ்சள் சாட்டின் தொப்பியை எடுத்துட்டு வா, தலகாணில முடி சிக்காயிடுச்சு'ன்னா. தொப்பி கேக்கறாளே, அப்ப பெருசா ஒண்ணும் இருக்காதுன்னு நெனச்சுட்டேன். 'ஷிஃப்ட் முடிஞ்சு வர்றேன்டி'ன்னேன். ரெண்டரைக்கு ஷிஃப்ட் முடிஞ்சுது. தொப்பியை எடுத்துக்கிட்டுத்தான் போனேன்."

"ம்ம்ம்… ம்ம்ம்."

"அம்மாவுக்குத் தெரியாது. அவ யாரையும் கூப்பிடலன்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க."

ரெனெட்டா நாற்பது நிமிடம் அழுதாள். அந்த வருடத்தில் அவள் முதுகை இன்னொருவர் தடவியது அன்றுதான். ஜோசெலின் கண்ணிலும் தண்ணீர் இருந்தது. பேருந்தில் வீட்டுக்குத் திரும்பும்போது ரெனெட்டாவுக்குப் பசித்தது. பல மாதங்களுக்குப் பிறகு ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

ஏழாவது வாரம் தபாலில் கடிதம் வந்தது. 'ரெனெட்டா கெய்ன்ஸ் (கானா) தம் பண்பாட்டுப் பயணத்தை நிறைவு செய்து முழுமையாகக் குணமடைந்துள்ளார். எந்தத் தடத்திலும் பேருந்து ஓட்டலாம்.' எந்த வைத்தியரும் அவளைப் பார்த்திருக்கவில்லை. போன் செய்து கேட்டாள்.

"எங்க அளவுகோல்ல, கதையைச் சொல்லி முடிச்சவங்க குணமானவங்க" என்றார் வரவேற்பாளர். "சொல்லாதவங்க மட்டும்தான் நிலுவை."

டூக்ஸ் சந்தோஷப்பட்டு அவளைப் பழைய தடத்திலேயே போட்டார். பெரிய மருத்துவமனை வழியாகப் போகும் தடம். முதல் பத்து நாள் அவளுடைய அதிர்ஷ்டம், சாலை வேலை நடந்ததால் அந்த நிறுத்தத்தையே மூடி வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை திறந்தார்கள்.

அதே ஞாயிறு காலை, பணிமனையில் வண்டியைச் சோதிக்கும்போதுதான் அதைப் பார்த்தாள். உள்ளே, முன் இருக்கைக்கு எதிரே, ஜன்னலுக்கு மேல் புது விளம்பரம் ஒட்டியிருந்தது. பல்வரிசை தெரியச் சிரிக்கும் ஒரு பெண், தலையில் மஞ்சள் சாட்டின் தொப்பி. பக்கத்தில் பெரிய எழுத்தில்:

'வேலை முடிஞ்சு வர்றேன்னு சொன்னேன். அவ கேட்டது அம்மா தச்ச மஞ்சள் தொப்பி மட்டும்தான்.' — ஆழ்வேரில் குணமான ஒரு சகோதரி. நீங்களும் பேசுங்கள்.

அவள் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். டூக்ஸ் ஞாயிறன்று வரமாட்டார். மாற்று வண்டி இல்லை. பன்னிரண்டரை மணிக்குத் தேவாலயம் விட்டதும் அம்மா ஏறுவாள், வாராவாரம் ஏறுகிற மாதிரி, மகளுக்குப் பின்னால் முன் இருக்கையில் உட்காருவாள். ரெனெட்டா ஒரு செய்தித்தாளை எடுத்து அந்த விளம்பரத்தின் மேல் ஒட்டுநாடா போட்டு ஒட்டினாள்.

எர்லீன் கெய்ன்ஸ் ஊதாத் தொப்பியும் வேதாகமமுமாக ஏறினாள். "போதகர் இன்னிக்கு இழுத்துட்டாரு. கோழி வறுத்து வச்சிருக்கேன், ஷிஃப்ட் முடிஞ்சு வா" என்றபடி உட்கார்ந்தாள். காலையிலிருந்து கதவைத் திறந்து திறந்து மூடியதில், ஏரிக்காற்று அடித்து, செய்தித்தாளின் ஒரு மூலை பிய்ந்து தொங்கியது. ஏதாவது கோணலாகத் தொங்கினால் எர்லீனுக்குப் பொறுக்காது. வண்டி நின்ற நேரம் பார்த்து எழுந்து, தாளை உரித்து, நாலாக மடித்தாள். மடித்து நிமிர்ந்தாள்.

கண்ணாடியில் ரெனெட்டா அந்த ஊதாத் தொப்பியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அது வெகுநேரம் அசையவில்லை. பிறகு மணிக்கயிறு இழுபட்டது. அடுத்தது மருத்துவமனை நிறுத்தம்.

ரெனெட்டாவின் கால் பிரேக்குக்குப் போனது. கதவு திறந்தது. அம்மா அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்போ அவ கூப்பிட்டிருக்கா."

"கூப்பிட்டாம்மா."

"உன்னை."

"என்னைத்தான்."

"பத்து மாசமா, என் புள்ள யாரையும் கூப்பிடலையேன்னு நான் அழுதேன். நீ பக்கத்துல உக்காந்து கீரை ஆஞ்சுக்கிட்டிருந்த."

எர்லீன் மடித்த செய்தித்தாளை மகளின் மடியில் வைத்தாள்.

"எனக்குச் சொல்ல உனக்கு வாய் வரல. ஊரு பூரா ஓடற பஸ்ஸுல எழுதி வைக்க வந்துச்சு."

எர்லீன் இறங்கினாள். வீடு அங்கிருந்து இரண்டு மைல். வேதாகமத்தை மார்போடு பிடித்துக்கொண்டு காற்றுக்கு எதிராக நடந்தாள். பின்னால் நின்ற வண்டிக்காரன் ஒலிப்பானை அழுத்தினான். ரெனெட்டா கதவை மூடி வண்டியை எடுத்தாள்.

மறுநாள் அவள் மையத்துக்குள் நுழைந்தபோது முரசு ஒலித்தது. இயக்குநர் லின்க்விஸ்ட் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு வந்தார்.

"ரெனெட்டா, வாழ்த்துகள். அந்த விளம்பரத்தைப் பாத்துட்டு ஒரே வாரத்துல இருநூறு பேர் போன் பண்ணியிருக்காங்க. உங்க வலி எவ்வளவு உழைக்குது பாருங்க."

"அந்த இருநூறு பேருல எத்தனை பேரு டாக்டரைப் பாத்தாங்க?"

"காத்திருப்போர் பட்டியல் அறுநூறைத் தாண்டிடுச்சு. அதை நாங்க சமூகம் எங்கமேல வச்சிருக்கற நம்பிக்கையாப் பாக்கறோம்."

"என் கதையை எடுத்துடுங்க."

"கதைன்னு சொல்லாதீங்க. சாட்சியம். அது இனிமே உங்க ஒருத்தரோடது இல்ல, எல்லாப் பெண்களோடதும். இவ்வளவு காலமா உங்க உடம்பையும் உழைப்பையும் கேக்காம எடுத்துக்கிட்டாங்க. நாங்க கையெழுத்து வாங்கிக்கிட்டு எடுத்தோம். அந்த வித்தியாசத்தை நீங்க மதிக்கணும்."

இதைச் சொல்லும்போது அவர் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. ரெனெட்டா இந்த முறை மெல்லிழைத்தாள் பெட்டியைத் தள்ளவில்லை.

"எடுக்கணும்னா அதுக்கு வழி இருக்கு" என்று ஒரு படிவத்தை நீட்டினார். சாட்சியத்தைத் திரும்பப் பெற விரும்புகிறவர், அது தன்னுடையதுதான் என்பதை நிகழ்ச்சியை நேரடியாக அறிந்த ஒருவர் கையெழுத்தோடு நிரூபிக்க வேண்டும்.

"அந்த போன்ல பேசினது ரெண்டே பேருங்க. நான் ஒருத்தி."

"இன்னொருத்தர் கையெழுத்துப் போதும்" என்றார் இயக்குநர்.

நடைவழியில் ஜோசெல் எதிரே வந்தாள். ரெனெட்டாவைக் கண்டதும் நின்றாள். அவள் கழுத்தில் தொங்கிய அட்டையை ரெனெட்டா முதல் தடவையாகப் படித்தாள். 'ஜோசெல் பாட்டிஸ்ட், நன்கொடை மற்றும் விளம்பரப் பிரிவு.' கீழே பொன்னிற வில்லை ஒன்று: 'பண்பாட்டுச் செவிமடுத்தல், மூன்றாம் நிலைத் தேர்ச்சி.'

"அக்கா, உங்க பேரைப் போடலையே."

"நீ ஆலோசகர்னுல்ல நெனச்சேன்."

"நான் எப்பவாவது ஆலோசகர்னு சொன்னேனா?"

"நீ ம்ம்ம்னியே."

ஜோசெல் தரையைப் பார்த்தாள். "அது என் வேலைக்கா."

"எங்க கத்துக்கிட்ட அதை?"

"எங்கம்மாகிட்ட. சர்ச்சுல, முன்வரிசைல. இங்க அதுக்கு சர்ட்டிஃபிகேட் மட்டும்தான் குடுத்தாங்க" என்றாள்.

ரெனெட்டா அவளை அடித்திருப்பாள். அடிக்கவில்லை என்றால், அந்தப் பெண்ணின் அம்மாவும் எங்கேயோ ஒரு முன்வரிசையில் தொப்பி போட்டு உட்கார்ந்திருப்பாள் என்ற நினைப்புதான் காரணம். வெள்ளைக்காரி முரசு வைத்து ஏமாற்றினாள், அதை வாசலிலேயே கண்டுகொள்ள முடிந்தது. இவள் ரெனெட்டாவின் சொந்த வீட்டுக் கதவின் சாவியை எடுத்து வந்து திறந்திருந்தாள். அதுதான் ஆறவில்லை.

அன்று மாலையே பணிமனைக்குப் போய், கண்ணாடிப் பனி சுரண்டும் தகட்டால் அந்த விளம்பரத்தைச் சுரண்டி எடுத்தாள். மஞ்சள் தொப்பி முழுசாக வரவில்லை, பாதி ஒட்டிக்கொண்டே நின்றது. பணிமனைக் கேமரா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.

"போக்குவரத்துக் கழகத்துச் சொத்தைச் சேதப்படுத்தியிருக்கே" என்றார் டூக்ஸ், அவள் முகத்தைப் பார்க்காமல். "மேல இருக்கறவன் அறுபது நாள் குடுத்திருக்கான். மறுபடியும் லெட்டர் வேணுமாம்."

"அதே இடத்துலருந்தா?"

"இன்சூரன்ஸ்காரன் ஒத்துக்கறது அந்த ஒரு இடத்தைத்தானேம்மா."

கதவைத் திறந்தாள், முரசு ஒலித்தது. கானா என்று கணினியில் ஏற்கெனவே இருந்தது. படிவத்தின் முதல் கேள்வி, 'எங்களைப் பற்றி எங்கே அறிந்தீர்கள்?' ரெனெட்டா, 'பேருந்தில்' என்று எழுதினாள். வரவேற்பாளருக்கு ஒரே மகிழ்ச்சி. விளம்பரம் நன்றாக வேலை செய்கிறது என்றார். ஒன்பதாவது காகிதத்தில் கையெழுத்துப் போடாமல் மெஷின் அடுத்த பக்கம் போகாது என்றும் சொன்னார்.

சாய்வு நாற்காலி அறையில் இந்த முறை வேறொரு பெண் இருந்தாள். ஜோசெலைவிட இளையவள். கழுத்து அட்டையைத் திருப்பிப் போட்டிருந்தாள்.

"மிஸ் ரெனெட்டா, உங்க மனசுல என்ன இருக்கோ அதைச் சொல்லுங்கக்கா."

ரெனெட்டாவின் மனதில் இருந்தது இதுதான்: அம்மா இப்போது தேவாலயத்துக்கு வேறு தடத்தில் போகிறாள். அதற்கு இரண்டு வண்டி மாற வேண்டும். எழுபத்தொரு வயதில், ஏரிக்காற்றில், இரண்டு நிறுத்தங்களில் நின்று மாறுகிறாள். ஞாயிற்றுக்கிழமைக் கோழி வறுவலுக்குக் கூப்பிடுவதில்லை. ஆறு வாரமாகிறது.

"ம்ம்ம்" என்றாள் அந்தப் பெண், அடிவயிற்றிலிருந்து.

ரெனெட்டா சொல்ல வாயெடுத்தாள். அவள் எதிரே இருந்த மெல்லிழைத்தாள் பெட்டியைப் பார்த்தாள். எழுந்து, மேலங்கியை மாட்டிக்கொண்டு, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டாள்.

"நான் நல்லா இருக்கேன்" என்றாள்.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. அவள் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தையே, சொல்லி முடித்த கதை என்று கணக்கில் எடுத்திருந்தார்கள். ஆழ்வேர் மையத்தின் ஆண்டறிக்கையில் அந்த வருடம் குணமானவர்களின் எண்ணிக்கையில் ரெனெட்டா இரண்டு முறை இருக்கிறாள்.

இப்போது அவள் பெரிய மருத்துவமனை நிறுத்தத்தில் தவறாமல் நிற்கிறாள். யாரும் கயிற்றை இழுக்காவிட்டாலும் நிற்கிறாள். ஞாயிறு மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு, அம்மா இறங்கிப்போன அந்த நேரத்துக்கு, அங்கே கதவைத் திறந்து வைத்து, தேவைக்கு மேல் இரண்டு நிமிடம் காத்திருக்கிறாள். முழங்காலில் கட்டுப் போட்ட பெரியவர் அதற்கும் ஒரு புகார் கொடுத்திருக்கிறார்.